ஆற்றடிக்குப் போன கடலை

முன்னே ஒரு காலத்தில், மலையிலிருந்து இறங்கிய ஆறு ஒன்று ஒரு நாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடியது. அந்த நாட்டை ஆண்டவர் இளஞ்சிங்கராயர். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் ஓர் ஆசை உள்ளே புகுந்துவிட்டால், அது நிறைவேறும்வரை வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டார்.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த ஒரு தை மாதத்தில் அவருக்குத் தூண்டில் ஆசை வந்தது. அதுவும் சாதாரண மீனுக்கு இல்லை. ஊருக்கு மேற்கே ஆறு பாறைகளுக்கிடையே புகுந்து வேகமாக ஓடும் இடத்தில் ஆழமான மடு ஒன்று உண்டு. அதன் அடியில் சேல் கெண்டைகள் இருந்தன. முழங்கை நீளம், வாயோரம் நாலு மீசை. அடித்தரையை முகர்ந்து முகர்ந்து மேய்கிற மீன். மேலே மிதக்கிற எதையும் ஏறெடுத்துப் பார்க்காது.

பாறைமேல் பட்டு விரித்து, குடை பிடித்து, அரசர் ஒரு மாதம் உட்கார்ந்தார். ஒரு மீனும் வரவில்லை.

"ஏன் இவ்வளவு பாடு, அரசே?" என்று ஒருநாள் விகடகவி கேட்டான். அவன் பெயர் உலகளந்தான். ஆள் என்னவோ நாலரை அடிதான்.

அரசர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "சபையில் நான் தும்மினால்கூட அழகு என்கிறார்கள். இந்த மீன்கள் அப்படியில்லை. இவற்றுக்கு நான் யாரோ ஒருவன். இவற்றில் ஒன்றை என் கையால் பிடித்தால், அது நான் பிடித்ததாக இருக்கும்."

உலகளந்தான் அன்று பரிகாசம் எதுவும் செய்யவில்லை.

தலைமை அமைச்சரான பிரதானி விருப்பாட்சிராயர் தம்மால் ஆனதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தார். மீன்களை வரவழைக்கக் கூடை கூடையாகப் பொரி கொட்டினார். அது மிதந்தே போய்விட்டது. பயறு இறைத்தார், அதையும் ஆறு இழுத்துக்கொண்டு போனது. களிமண்ணில் தவிட்டைப் பிசைந்து உருட்டிப் போட்டார். 'தொப்' என்று விழுந்த சத்தத்தில் மீன்கள் பாறை இடுக்கில் புகுந்து மாலைவரை வெளியே வரவில்லை. துணிப் பொட்டலத்தில் கல்லைக் கட்டி இறக்கினார். தூண்டில் முள் அந்தத் துணியில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இதற்கிடையில் அவர் ஒரு சட்டமும் போட்டிருந்தார். அரசர் தூண்டில் போடும்போது, அவர் இருக்கும் இடத்துக்கு மேல்புறம் ஆற்றில் யாரும் கால் வைக்கக் கூடாது. மற்றவர் கால் பட்ட தண்ணீர் அரசர் முன்னால் ஓடலாமா? மேல்புறம் இருந்த பரிசல் துறை மூடப்பட்டது. அது அரசர் கண்ணில் படாதபடி நீளமாகத் திரை கட்டப்பட்டது. "ஜனங்கள் வேறு துறை வழியாகப் போய்க்கொள்கிறார்கள்" என்று பிரதானி சொன்னார். அரசர் தலையசைத்ததோடு சரி.

வேறு துறை என்பது அரைநாள் நடை. மாசிலான் என்ற பரிசல்காரன், ஜுரத்தில் துடித்த ஒரு பெண்ணை அக்கரை வைத்தியரிடம் சேர்க்கப் பரிசலை இறக்கினான். திரும்பி வரும்போது பிடிபட்டான்.

"மீன் வராத காரணம் இப்போது தெரிந்தது, அரசே," என்றார் பிரதானி. "இவன் துடுப்புப் போட்டுக் கலைத்திருக்கிறான். இவனை நாடு கடத்த வேண்டும்."

மாசிலான் கைகூப்பியபடி நின்றான். உலகளந்தான் முன்னால் வந்தான்.

"அரசே, இவன் பரிசல் விட்டது ஒரே ஒரு நாள். மீன் வராதது முப்பது நாள். தீனி அடிக்குப் போகவில்லை. அதனால் மீன் வரவில்லை."

பிரதானி இதற்காகத்தான் காத்திருந்தார். அரசர் தம்மைவிட இந்தக் குள்ளனிடம் அதிகம் பேசுகிறார் என்ற எரிச்சல் அவருக்குப் பல வருஷமாக உண்டு.

"அப்படியானால் அதை அடிக்கு அனுப்பிக் காட்டட்டுமே! உருண்டை கூடாது. பொட்டலம் கூடாது. கயிறோ கம்போ கூடாது. உதிரியாகவே போய் அரசர் முன்னால் ஆற்றடியில் படிய வேண்டும். மேல்புறச் சட்டமும் மீறப்படக் கூடாது. முடியாவிட்டால் பரிசல்காரன் நாட்டை விட்டுப் போகட்டும். இந்த விகடகவியும் இனி சபையில் வாய் திறக்கக் கூடாது."

விகடகவிக்கு வாய் போனால் வேறு என்ன இருக்கிறது? அரசர் தயங்கினார். ஆனால் மீன் ஆசை தயக்கத்தை வென்றது. "மூன்று நாள் தருகிறேன்," என்றார்.

உலகளந்தான் மறுநாள் காலையில், அரசர் வருவதற்கு முன்பே மடுவின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். காவலரிடம் சொல்லி மாசிலானையும் அழைத்துக்கொண்டான். கையில் ஊறவைத்த கொண்டைக்கடலை. ஒன்றைத் தண்ணீரில் போட்டான். அது கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது.

"எங்கே போயிருக்கும், மாசிலான்?"

"நனைஞ்ச கடலை கனமுங்க, மிதக்காது. இறங்கத்தான் செய்யும். ஆனா அது இறங்கறதுக்குள்ள தண்ணி கூட்டிக்கிட்டுப் போயிடுது."

"எவ்வளவு தூரம்?"

மாசிலான் யோசித்தான். "அதை யாருங்க அளந்தா?"

"அளப்போம்."

மறுநாளும் அரசர் வருவதற்கு முன்பே, கடலையோடு மஞ்சள்பொடியைச் சேர்த்து வேகவைத்து எடுத்துவந்தான். அடிப்பாறை கறுப்பு, மஞ்சள் கடலை விழுந்தால் பளிச்சென்று தெரியும். அவன் அரசர் உட்காரும் பாறையிலிருந்து கடலையைப் போட, மாசிலான் கீழ்ப்புறக் கரையோரமாகத் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே நடந்தான். கீழ்ப்புறம் போக யாருக்கும் தடை இல்லை. முதல் பிடி தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது பிடிக்கு மாசிலான் கையைத் தூக்கினான்.

"இதோ! இங்க கிடக்குது!"

உலகளந்தான் பாறையிலிருந்து அவன் நின்ற இடம்வரை காலடியால் அளந்தான். நாற்பது காலடி. பிறகு மறுபடி பாறைக்கு வந்து, கரைமேலேயே மேல்புறமாக நாற்பது காலடி நடந்தான். திரைக்கு அப்பால், பரிசல் துறையை ஒட்டி ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த தட்டைப் பாறையின் அருகே கால் நின்றது.

பின்னால் வந்த மாசிலான் மெல்லச் சொன்னான்: "எங்க ஆளுங்க நின்னு தீனி போடற பாறை அதுதாங்க."

உலகளந்தான் அந்தப் பாறையைப் பார்த்தான். துறையில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலை. பாறையைச் சுற்றிச் சபை முழுவதும் கூடியிருந்தது. ஒரு சின்னக் கூடையில் மஞ்சள் கடலையோடு உலகளந்தான் வந்தான். நேரே திரைப் பக்கம் திரும்பினான்.

"நில்!" என்றார் பிரதானி. "அரசருக்கு மேல்புறம் யாரும் ஆற்றில் கால் வைக்கக் கூடாது!"

"நான் எங்கே வைக்கப்போகிறேன், பிரதானி அவர்களே?" உலகளந்தான் அரசர் பக்கம் திரும்பிக் கூடையை நீட்டினான். "அரசே, தாங்கள் எழுந்து என்னோடு வர வேண்டும். மேல்புறத் தட்டைப் பாறையில் நின்று தாங்களே போட வேண்டும்."

"அது சட்டத்துக்கு விரோதம்!"

"சட்டம் என்ன சொல்கிறது? அரசர் இருக்கும் இடத்துக்கு மேல்புறம் யாரும் கூடாது. அரசர் மேல்பாறையில் நின்றால், நாம் எல்லாரும் அவருக்குக் கீழ்ப்புறம்தானே? அரசர் தமக்குத் தாமே மேல்புறம் நிற்க முடியும் என்றால், எப்படி என்று தாங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்."

சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அரசர் எழுந்தார். குடைக்காரனை நிற்கச் சொல்லி, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையோடு நடந்தார்.

திரையைத் தாண்டியதும் அவர் கால் நின்றுவிட்டது. துறை முழுக்க ஜனங்கள். நெல் மூட்டைக்காரர்கள், கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், வயிறு தள்ளிய ஒரு பெண். முன்னால் அடுக்கிய பானைகளோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குடையும் கிரீடமும் இல்லாத இந்த மனிதரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எதற்கம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"அக்கரைச் சந்தைக்குப் போகணுங்க. பரிசல் நின்னு ஒரு மாசமாச்சு. தலையில பானையை வெச்சுக்கிட்டு அரைநாள் நடந்தா பாதி உடைஞ்சிடுது. இன்னைக்காவது பரிசல் விடுவாங்களான்னு வந்து வந்து பாக்கறோம். ராசா மீன் பிடிச்சு முடிச்சாத்தான் விடுவாங்களாம்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அங்க இருந்துதானே வர்றீங்க? கொஞ்சம் வெரசாப் பிடிக்கச் சொல்லுங்களேன். அவரைக் குத்தம் சொல்லலை. பாவம், மீன் வந்தாத்தானே அவரும் பிடிப்பாரு."

பக்கத்தில் நின்ற உலகளந்தான் தரையைப் பார்த்துக்கொண்டான். ஜனங்களைப் பார்த்தபடியே அரசர் பாறையின் நுனிக்குப் போனார். கணுக்கால்வரை தண்ணீர். பிடி பிடியாகக் கடலையை, சத்தமில்லாமல், நீர்மட்டத்தை ஒட்டிக் கையை விரித்து ஆற்றில் விட்டார்.

"இப்போது வாருங்கள், அரசே."

இருவரும் மடுவுக்குத் திரும்பினார்கள். அரசர் பட்டு விரிப்பை ஒதுக்கிவிட்டுப் பாறைமேல் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்தார். கறுத்த அடிப்பாறையின் பிளவுகளில், கீழே சிதறிய மஞ்சள் பூவைப்போல, கடலைகள் படிந்து கிடந்தன. ஒரு நிழல் அசைந்தது. இடுக்கிலிருந்து ஒரு சேல் கெண்டை வந்து, தலையைக் கீழே சாய்த்து, மீசையால் தடவி, ஒரு கடலையை எடுத்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஐந்தாறு.

"அரசே, தூண்டில்!" என்று பரபரத்தார் பிரதானி.

"சற்றுச் சும்மா இருங்கள்," என்றார் அரசர்.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் முள்ளில் ஒரு கடலையைக் குத்தி இறக்கினார். கம்பு வில்லாக வளைந்தது. மீன் ஆற்றோடு ஓடியது, திரும்பியது, பாறைக்கடியில் புகப் பார்த்தது. அரசர் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். யாரையும் உதவிக்கு விடவில்லை. கடைசியில் முழங்கை நீள மீனைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தபோது அவர் முகம் சின்னப் பையன் முகம்போல் இருந்தது. யாரும் 'அழகு' என்று சொல்வதற்கு முன்பே அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

பிறகு பிரதானியிடம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"வேறு துறை வழியாகப் போகிறார்கள் என்றீர்கள். எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. அது என் தவறு. சொல்லாமல் விட்டது உங்கள் தவறு. திரையை இப்போதே அவிழ்க்கச் சொல்லுங்கள். துறையில் இருப்பவர்கள் எல்லாரும் அக்கரை சேரும்வரை நீங்கள் அங்கே நின்று கைகொடுத்து ஏற்றிவிட வேண்டும். உலகளந்தான் தோற்றிருந்தால் அவன் வாயைக் கட்டியிருப்பீர்கள். உங்கள் வாயை என்ன செய்யலாம்?"

"விட்டுவிடுங்கள், அரசே," என்றான் உலகளந்தான். "அவர் பேசாவிட்டால் நான் யாருக்குப் பதில் சொல்லிப் பிழைப்பது?"

அரசர் மாசிலானை அருகே அழைத்தார். "கடலையை எங்கே நின்று போட வேண்டும் என்று உனக்கு முன்பே தெரியுமாம், உலகளந்தான் சொன்னான். முதல்நாளே என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே?"

மாசிலான் தலையைச் சொறிந்தான். "சொல்லத்தான் நெனச்சேன் சாமி. ஆனா வாயால சொன்னா வெளங்காது, நின்னு காட்டணும். நின்னு காட்டணும்னா உங்களுக்கு மேல்புறம் நிக்கணும். நின்னா நாடு கடத்துவாங்க. நாடு கடத்திட்டா அப்புறம் எப்படிச் சாமி வந்து சொல்றது?"

அரசர் சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு பாறைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் தம் முத்துமாலையைக் கழற்றி உலகளந்தான் கழுத்தில் போட்டார். குள்ளனுக்கு அது முழங்கால்வரை தொங்கியது. மாசிலானுக்கு ஒரு புதுப் பரிசலும், அந்தத் துறையைத் தலைமுறைக்கும் நடத்துகிற உரிமையும் கிடைத்தன. மேல்புறம் முதல் பரிசல் நகர்ந்தது. அதன் துடுப்பு கலக்கிய தண்ணீர் அரசரின் காலை நனைத்துக்கொண்டு கீழே ஓடியது. அவர் காலை எடுக்கவில்லை.