தொண்ணூத்தி ஒரு லட்டு

ஒரு ஊர்ல ஒரு தையல்நாயகி இருந்தா. ஏட்டி, கண்ண மூடிக்கிட்டே "ம்" கொட்டு. அத்தைக்கு இடுப்பு விட்டுப் போச்சு, ஒரு தடவைதான் சொல்லுவேன்.

அன்னிக்கு அவ மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுல ஒரு வழக்கம். அவுக வீட்டு மூத்தவுகளுக்கு எத்தனை வயசோ, அத்தனை லட்டு பொண்ணு வீட்டுல வைக்கணும். அவுக பூட்டனாருக்கு வயசு தொண்ணூத்தி ஒண்ணு. ரெண்டு நாளா உருட்டி உருட்டி அவ கையே வீங்கிப் போச்சு. ம்?

அப்புறம் சம்பந்தியம்மா ஆவுடையம்மா பூட்டனாரையும் கூட்டிக்கிட்டு ஏழு தட்டோட வந்து இறங்குனா. வந்ததும் வராததுமா சட்டம் பேசுதா. லட்டுத் தட்டு ஒத்தப்படையா இருக்கணுமாம். எல்லாத் தட்டுலயும் சமமா இருக்கணுமாம். ஒண்ணு மிஞ்சுனாலும் தாம்பூலம் மாத்தாமக் கிளம்பிருவாளாம். ஏழு தட்டு மட்டும் ஆகாதாம், அது அவ கொண்டுவந்த கணக்காம். ஏழுல வச்சா பதிமூணு பதிமூணா அம்சமா உட்காரும். அதையும் பிடுங்கிட்டா, மகராசி!

அப்போ தையல்நாயகி அடுக்களைக்குள்ள போயி மூணு தட்டு எடுத்தா. முப்பது முப்பதா வச்சா. ஒண்ணு மிஞ்சிருச்சு. அஞ்சு தட்டு எடுத்தா. பதினெட்டு பதினெட்டா வச்சா. சவம், அப்பவும் ஒண்ணு. அப்புறம் வீட்டுல இருந்த ஒம்போது தட்டையும் பரப்பிப் பத்துப் பத்தா வச்சா. அந்த ஒத்த லட்டு அவ மடியிலயே கிடக்கு.

என்னது, தின்னுட்டா என்னவா? தின்னா பூட்டனாருக்கு ஒரு வயசக் குறைச்சுட்டன்னு சண்டைக்கு வருவா. நடுவுல பேசாத.

ஒரு லட்டால எம்மவ கல்யாணம் நிக்கணுமான்னு தையல்நாயகி அழுதா. அழுதுக்கிட்டே லட்ட முந்தியில கொட்டிக்கிட்டு, தட்டையெல்லாம் டணார் டணார்னு மூலையில எறிஞ்சா. பெரிய தாம்பாளம் ஒண்ணுதான் மிச்சம். லட்டத் தரையிலயா போட முடியும்? அதுல வரிசைக்கு ஆறா ஆறு வரிசை வச்சா. இடம் நிறைஞ்சு போச்சு. நாலு லட்டுக்கு நடுவுல ஒரு குழி விழும்லா, அந்தக் குழியில எல்லாம் ஒண்ணொண்ணா வச்சா. இருபத்தஞ்சு. அதுக்கு மேல பதினாறு. அப்புறம் ஒம்போது. அப்புறம் நாலு. இப்போ இருக்கது ஒரே குழி, அவ கையில ஒரே லட்டு. பொத்துனு உட்காந்துருச்சு. ம் சொல்லுட்டி.

தூக்கிட்டு வந்து கூடத்துல வச்சா. ஒத்தத் தட்டான்னு ஆவுடையம்மா முகத்தச் சுளிச்சா.

"ஒண்ணும் ஒத்தப்படைதானே, மைனி?"

ஆவுடையம்மா ஒண்ணாவது மிஞ்சியிருக்கான்னு தாம்பாளத்தச் சுத்திச் சுத்திப் பாத்தா.

அடுக்களை வாசல்லயே உட்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த பூட்டனார், லொட்டு லொட்டுனு கம்பு ஊணி வந்தாரு. உச்சி லட்டத் தொட்டுப் பாத்தாரு.

"தொண்ணூறு முடிஞ்சதுல இருந்து நான் எங்க வீட்டுக்கு மிச்சம்னுதான் நெனச்சிருந்தேன், தாயி. நீ அந்த மிச்சத்தத் தூக்கி உச்சியில வச்சுட்டியே."

அந்த லட்டப் பல்லில்லாத வாயில மெதுவாக் கரைச்சுத் தின்னாரு. அப்புறந்தான் தாம்பூலம் மாத்துனாக.

கிளம்பும்போது ஆவுடையம்மா மீதிய ஒம்போது தட்டுல பிரிச்சா. பத்துப் பத்தா, ஒண்ணுகூட மிஞ்சல. இதத்தானே முதல்லயே சொன்னேன்னாளாம். தையல்நாயகி பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

லட்டும் தீந்துது, கதையும் தீந்துது. முழிச்சுக் கிடக்கது நீ ஒருத்திதான், தூங்குட்டி.