சூளைக் கொட்டகையும் கல்லூரிக் கட்டணமும்

கதை முடிந்ததும் உங்களை ஒன்று கேட்பேன். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் கேளுங்கள்.

திருவள்ளூருக்கு வடக்கே ஒரு செங்கல் சூளை. அங்கே கல் அறுக்கும் தேசம்மாவின் ஒரே மகள் செவ்வந்தி. கணவனை இழந்த தேசம்மா, மகள் கையில் மட்டும் களிமண் படக் கூடாது என்று பிடிவாதமாக அவளைப் பள்ளிக்கு அனுப்பினாள். செவ்வந்தியும் நன்றாகவே படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சென்னையில் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்டத்தான் வழியில்லை.

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வெளியூர்களிலிருந்து வந்து சூளையிலேயே தங்கியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. சாயங்கால வேளைகளில் அவர்களைச் சூளைக்கு வெளியே புறம்போக்கில் போட்ட ஒரு தார்ப்பாய்க் கொட்டகையில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தாள். கூடவே தோழி ரூபாவதி. அவளும் அந்தச் சூளையில் வளர்ந்தவள்தான். பன்னிரண்டு முடித்து, மேலே படிக்க வசதியில்லாமல் நின்றுவிட்டவள்.

ஏழை மாணவர்களுக்கு உதவ ஊரில் ஓர் அறக்கட்டளை இருந்தது. அதை நடத்திய வேதாசலம்தான் சூளைக்கும் முதலாளி. செவ்வந்தி தாயோடு போய் அவரிடம் தனக்குக் கல்லூரிக் கட்டணமும், கொட்டகைக்கு ஒரு நல்ல கூரையும், பிள்ளைகளுக்குப் புத்தகங்களும் கேட்டாள்.

"உன்னைப் படிக்கவைக்கிறது என் பொறுப்பும்மா," என்றார் வேதாசலம். "கொட்டகையை மட்டும் மூடிடு. பூச்சி பொட்டு நடமாடுற இடம். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

பூச்சியைப் பற்றி அவர் அதுவரை கவலைப்பட்டதில்லை. அறுத்துப் போட்ட ஈரக்கல் சீராகக் காய வேண்டுமானால், வெயில் இறங்குவதற்குள் புரட்டிப் போட வேண்டும். அந்த வேலையைச் செய்துவந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். வகுப்பு தொடங்கியதும் அவர்கள் புரட்டப் போவதை விட்டுவிட்டார்கள். இது செவ்வந்திக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அந்தப் பிள்ளைங்க படிப்பு என்னாவுறது, ஐயா?"

"அதை அவங்களைப் பெத்தவங்க பார்த்துப்பாங்க. நீ உன்னைப் பாரு."

பக்கத்தில் நின்ற தேசம்மா மகளின் முழங்கையை இறுகப் பிடித்தாள். செவ்வந்தி தாயின் கையைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க ஐயா. இனிமே அங்க வகுப்பு நடக்காது," என்று வாக்குக் கொடுத்தாள்.

அவள் கல்லூரிக்குப் போன மறுவாரமே ரூபாவதி கொட்டகையைத் திறந்துவிட்டாள். செய்தி காதில் விழுந்ததும் தேசம்மா ஓடினாள்.

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன் ரூபா. என் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் நிறுத்தி வை. அப்புறம் ஊரையே கூட்டி வெச்சு சொல்லிக்குடு."

"அதுக்குள்ள இதுங்க எல்லாம் கல்லு அறுக்கப் போயிடும், அத்தை," என்றாள் ரூபாவதி. "வாக்குக் குடுத்தது அவ. என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

சொன்னவள் வீட்டுக்குப் போய் அழுதாள். ஆனால் வகுப்பை நிறுத்தவில்லை.

அடுத்த வருடக் கட்டணம் கட்டும் சமயம் வந்தது. அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் செவ்வந்தி நன்றி சொல்லிப் பேச வேண்டும், அதற்குள் தோழியிடம் சொல்லிக் கொட்டகையை மூடவைக்க வேண்டும், அப்படிச் செய்தால் பணம் தவறாமல் வரும் என்று வேதாசலம் ஆள் அனுப்பினார். அவள் ஊருக்கு வந்தாள். ரூபாவதியைப் பார்க்கப் போகாமல் நேரே விழா மேடைக்குப் போனாள். முன்வரிசையில் மாவட்ட அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வருஷம் என்னைப் படிக்கவெச்சார் ஐயா. அதுக்கு நன்றி," என்று தொடங்கினாள். "அதுக்குப் பதிலா சூளைப் பிள்ளைங்க படிப்பை நிறுத்தறதா நான் வாக்குக் குடுத்தேன். அதுங்க படிச்சா கல்லைப் புரட்ட ஆள் இருக்காது. அந்த வாக்கை இப்ப உங்க எல்லார் முன்னாலயும் திரும்ப வாங்கிக்கறேன்."

யாரோ மைக்கை நிறுத்தினார்கள். அவள் குரலை உயர்த்தி, சூளையில் வேலை செய்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டே கீழே இறங்கினாள்.

அதிகாரிகளால் அதன்பின் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளைகளைச் சூளையில் வேலை வாங்குவது அடியோடு நின்றது. கொட்டகைக்குக் கூரையும் புத்தகங்களும் அரசாங்கத்திலிருந்து வந்தன. ரூபாவதியே ஆசிரியையாகத் தொடர்ந்தாள். செவ்வந்தியின் கட்டணமும் நின்றது. தேசம்மாவுக்குச் சூளையில் வேலை போயிற்று. செவ்வந்தி ஒரு தனியார் மருத்துவமனையில் தரை துடைத்து ஒரு வருடத்தைக் கழித்தாள். பிறகு வங்கிக் கடன் வாங்கித்தான் படிப்பைத் தொடர்ந்தாள். தேசம்மா நெடுநாள் ரூபாவதியோடு பேசவில்லை.

இப்போது சொல்லுங்கள். மகளுக்காக வகுப்பை நிறுத்தச் சொன்னாள் தாய். தோழியின் படிப்பு போகும் என்று தெரிந்தும் நிறுத்த மறுத்தாள் ரூபாவதி. கொடுத்த வாக்கை ஊரறிய உடைத்தாள் செவ்வந்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரூபாவதி செய்தது. பிள்ளைகளின் படிப்பு செவ்வந்திக்குச் சொந்தமில்லை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை கிடையாது. ஆகவே அந்த வாக்கு, கொடுத்தபோதே செல்லாத வாக்கு. மேடையில் அவள் காட்டிய துணிவு பெரிதுதான் என்றாலும், தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட துணிவு அது. தேசம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளைக்காகப் பல பிள்ளைகளை நிறுத்தச் சொன்னாள். ரூபாவதி மட்டுமே யாரிடமும் எதையும் பெறாமல், எதையும் விற்காமல் நின்றாள். இந்த விடையை நான் செவ்வந்தியிடமே சொன்னேன். இப்போது அவள் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலி. நோயாளியின் கையில் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டவள், நிமிராமல் சொன்னாள்: "எங்க மூணு பேரையும் நிக்கவெச்சு நல்லா விசாரிச்சீங்க, ஐயா. நாலாவதா ஒருத்தர் இருந்தாரே, அவர் செஞ்சது சரியான்னு ஏன் கேக்கல?"