மழைக்காலத் தேன்

மலையடிவாரத்தில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி இருந்தாள். தேனை நாக்கில் வைத்துப் பார்த்து, எந்தப் பூ, எந்தப் பருவம், கலப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவள் சரி என்றால் வைத்தியசாலை அந்தத் தேனை வாங்கும். இல்லை என்றால் டின் வந்த வழியே திரும்பிப் போகும்.

ஏசுவடியான் அவளைவிட வயதில் மூத்தவன். நோய் வந்து தன் பெட்டிகளில் இருந்த தேனீக்கள் எல்லாம் செத்துப்போன பிறகு, ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்தான்.

"இவ்வளவு காலம் தேன் எடுத்த ஆளுக்கு ருசி தெரியாதா, அண்ணாச்சி?"

"விக்கத்தான் தெரியும், அம்மா."

அவள் சேர்த்துக்கொண்டாள். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள். வெற்றிலையை விடச் சொன்னாள். விட்டான். வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு துளியை அண்ணத்தில் அழுத்தி, விழுங்காமல் நிற்கச் சொன்னாள்.

"என்ன தெரியுது?"

"இனிப்பு."

"இனிப்பு எல்லாத்துலயும்தான் இருக்கு. வேற?"

வேறு எதுவும் முதலில் தெரியவில்லை. பிறகு மெல்லத் தெரிய ஆரம்பித்தது. ரப்பர் தேன் லேசாக இருந்தது. புளியம்பூத் தேன் பல்லோரம் கூசியது. நாவல் பூத் தேன் துவர்த்தது. கொசு அளவே உள்ள சிறு தேனீயின் கொசுத்தேனில் புளிப்பும் ஏதோ மரப்பட்டை வாசமும் இருந்தன.

"பாகு கலந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

சர்க்கரைப் பாகு கலந்த தேனை ஒரு துளி கொடுத்தாள்.

"இனிச்சுது. உடனே போயிடுச்சு. வாய் வெறுமையா இருக்கு."

"அதுதான்."

ஒருநாள் அவன் கேட்டான். "நான் எப்போ தனியா ருசி சொல்லலாம்?"

அவள் அடுத்த டின்னைத் திறந்தாள்.

மழைக்காலம் வந்தது. மரங்களில் பூ இல்லை. அந்த நாட்களில் தேனீக்கள் பட்டினி கிடக்காமல் இருக்கப் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைப்பார்கள். அது தேனீக்களுக்கு உணவு. அதையே திரும்ப எடுத்துத் தேன் என்று விற்கக் கூடாது.

அந்த மழையில் ஏசுவடியானின் மகள் ஜெசிந்தாவும் அவள் கணவன் பெனட்டும் இரண்டு டின் தேன் கொண்டு வந்தார்கள். ஜெசிந்தாவின் இடுப்பில் குழந்தை இருந்தது. அவள் கழுத்தில் தாலிச் செயின் இல்லை, மஞ்சள் கயிறு கிடந்தது. ஏசுவடியான் அதைப் பார்த்தான்.

தங்கபுஷ்பம் கரண்டியை அவனிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க சொல்லுங்க, அண்ணாச்சி."

அவன் நாக்கில் வைத்தான். இனித்தது. உடனே போய்விட்டது. ஜெசிந்தா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தேன்," என்றான். "ரப்பர் தேன்."

தங்கபுஷ்பம் கரண்டியை வாங்கிக் கழுவி வைத்தாள்.

"நீங்க ருசி பாக்கலையா, அம்மா?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே."

மறுநாள் காலையில் வைத்தியசாலை ஆள் வண்டியோடு வந்தான். டின்களைத் தூக்கி வைத்துக்கொண்டே பேசினான். "மழையில பிள்ளைகளுக்கெல்லாம் இருமல். மருந்து குழைக்கத் தேன் இல்லாம வைத்தியர் தவிச்சுப் போயிட்டார்."

ஏசுவடியான் தங்கபுஷ்பத்தைப் பார்த்தான். அவள் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

வண்டி நகர்ந்தது. அவன் ஓடிப்போய் மறித்தான்.

"அந்த ரெண்டு டின்னையும் இறக்கு. அது பாகு."

தேன் கொண்டு வந்து காத்திருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். யாருடைய தேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

டின்களை அவனே சுமந்துகொண்டு மகள் வீட்டுக்குப் போனான். பெனட் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டான். ஜெசிந்தா வாசலில் நின்றாள்.

"நாக்குல வச்சதுமே தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுது."

"அப்போ நேத்தே சொல்லியிருக்கலாம். நாங்க பேசாமத் தூக்கிட்டு வந்திருப்போம். நேத்து எனக்காகப் பொய் சொன்னீங்க. இன்னைக்கு ஊர் முன்னால என்னைக் கள்ளியாக்கிட்டீங்க."

குழந்தை அவனைப் பார்த்துக் கை நீட்டியது. ஜெசிந்தா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். டின்கள் வாசலிலேயே இருந்தன.

பிறகு அந்தக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. குழந்தையின் பிறந்தநாளுக்குப் போனான். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பெனட் தேன் பெட்டிகளை விற்றுவிட்டு வேறு ஊரில் வேலை தேடுகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

மழை விட்டு, மாசியில் ரப்பர் மரங்கள் தளிர்த்தன. புதுத் தேன் வர ஆரம்பித்தது. ஏசுவடியான் மறுபடியும் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தான். அவள் எதுவும் கேட்காமல் ஒரு டின்னைத் திறந்து கரண்டியை நீட்டினாள்.

வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தான்.

"என்ன தேன், அண்ணாச்சி?"

"கசக்குது."

அவளும் ஒரு துளி எடுத்துப் பார்த்தாள். "புது ரப்பர் தேன். கலப்பே இல்ல."

"அப்போ என் நாக்கு கெட்டுப் போச்சா?"

"இல்ல."

"பின்னே ஏன் கசக்குது?"

அவள் டின்னை மூடினாள். "எங்க அம்மா கொண்டு வந்த தேனை நான் திருப்பி அனுப்பினேன். சாகிற வரைக்கும் அவ என்கிட்ட பேசல. அன்னையில இருந்து எனக்கும் எல்லாத் தேனும் கசக்கத்தான் செய்யுது."



"பிறகு எப்படி அம்மா ருசி சொல்றீங்க?"

"கசப்பு என்னோடது. அதைக் கழிச்சுட்டு மிச்சத்தைச் சொல்றேன்."