சிந்தாத சாம்பார்

புற்றுநோய் மருத்துவர் அற்புதராஜ் வார்டை விட்டுவிட்டு மெஹருன்னிசாவின் ஆய்வுக்கூடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு முடி குறைவு. இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை இங்கே வரவைத்தது ராசகிளி என்ற நோயாளி. கட்டிக்காக ஏற்றிய மருந்து உடம்பெல்லாம் பரவி, வாய் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் அந்த அம்மா அழுதார். அற்புதராஜால் அதை மறக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத நானோ கூட்டுக்குள் மருந்தை அடைத்து நேராகக் கட்டிக்கே அனுப்ப வேண்டும், வழியில் ஒரு துளி கசியக் கூடாது என்று உறுதியாக இருந்தார்.

எலிகளின் உடம்பில் கூடு கசியாமல் போனது. கட்டிக்குள்ளும் நுழைந்தது. கட்டி மட்டும் சுருங்குவதாக இல்லை. தனக்குத் தெரியாமல் எங்கோ கசிகிறது போல என்று ஒவ்வொரு தடவையும் கூட்டை இன்னும் கெட்டியாக்கினார். இந்த முறையும் தோற்றதும் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. வார்டுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தார்.

"மேடம், மருந்து போய்ச் சேருது. ஆனா கட்டி கேட்க மாட்டேங்குது. எங்க தப்பு?"

"காலையில டிபன் ஆச்சா டாக்டர்?"

"இல்ல."

"வாங்க. வாங்கி வச்சிருக்கேன்."

வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். மெஹருன்னிசா தன் சாம்பார் பையின் நூலை இழுத்தார்; பை திறந்துகொண்டது. அற்புதராஜின் பையில் முடிச்சுமேல் முடிச்சு. நகத்தால் கீறினார். திருகிப் பார்த்தார். பல்லால் கடிக்க டாக்டர் மனசு இடம் கொடுக்கவில்லை.

"யாரு மேடம் இப்படிக் கட்டினது?"

"நான்தான் கட்டச் சொன்னேன். ஒரு சொட்டு சிந்தக் கூடாதுன்னு."

"சிந்தல. சரி, நான் எப்படிச் சாப்பிடுறது?"

கேட்டவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா பாட்டுக்கு இட்லியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"கட்டிக்குள்ள இருக்கிற அமிலப் புளிப்புலயே கூடு இளகி மருந்தை வெளிய விடணும்" என்றார் அற்புதராஜ் மெதுவாக. "நான்தான் இளகவே விடல."

"ம்."

"ஆனா மேடம், இளகுற கூடுன்னா வழியிலயும் கொஞ்சம் கசியுமே. அந்த அம்மா அழுதது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. மறுபடி ஒருத்தரை அப்படி எப்படிப் பாக்குறது?"

மெஹருன்னிசா அவர் கையிலிருந்து பையை வாங்கி, வண்டிச் சாவியால் குத்தி, இட்லிமேல் சாய்த்தார். சாம்பார் இட்லியை நனைத்தது. கொஞ்சம் அற்புதராஜின் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது.

அற்புதராஜ் பதறிக் கைக்குட்டையைத் தேடினார்.

"சின்னக் கறைதான் டாக்டர், துவைச்சா போயிடும்" என்றார் மெஹருன்னிசா. "நீங்க பசியாறுங்க."