கொப்பரையிலிருந்து திரும்பிய காய்

அந்தக் காலத்தில் ஆடு மாடும் தேரை தவளையும் மனிதர்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. பேச்சு வந்ததால் அவற்றுக்குப் புத்தி கூடியதா என்று கேட்காதீர்கள். மனிதர்களுக்கே கூடவில்லை.

அப்போது கரடு என்கிற ஒரு பாறைக் குன்றின் அடியிலிருந்த ஊரில் மருதி என்றொருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஒச்சாயி வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம். நட்டவள் மருதி. மரமோ வளர்ந்ததும் ஒச்சாயி பக்கமாகச் சாய்ந்து, காயை எல்லாம் அவள் வாசலில் தொங்கவிட்டது. ஒச்சாயி பறித்தாள், மருதி கேட்டாள். முதலில் முருங்கைக்காயைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒருத்தியின் பிறந்த வீட்டை மற்றவள் பேசினாள். அதற்கப்புறம் மூன்று மாதம் முகத்தில் முழிக்கவில்லை. ஒச்சாயியின் நாலு வயது மகள் மயிலா மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தாள்.

கரட்டின் மேல் பூவாயி என்ற சூனியக்காரி குடியிருந்தாள். பெயர்தான் பூவாயி, அவள் குடிசைக்கு மேலே காக்கைகூடப் பறக்காது. வாசலில் ஒரு செப்புக் கொப்பரை எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருக்கும். அதில் என்ன வேகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

ஒரு நாள் காலையில் மருதி பல்லைக் கடித்துக்கொண்டு கரடு ஏறினாள். மேலே போனால், கொப்பரைக்குப் பக்கத்தில் ஒச்சாயி உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அதே காரியமாகத்தான் வந்திருந்தாள்.

பூவாயிக்குச் சிரிப்பு வந்தது. “ஒருத்தி குடியை ஒருத்தி கெடுக்கணும்னு ஒரே நாள்ல வந்து நின்னா, நான் யாருக்குன்னு செய்யறது? ஆடித் தீர்த்துக்கங்க” என்றாள்.

பாறையில் அவள் ஏற்கெனவே கட்டம் வெட்டி வைத்திருந்தாள். இரண்டு தாயக்கட்டைகளை எடுத்துப் போட்டாள். ஆளுக்கு ஆறு காய்: மருதிக்குப் புளியங்கொட்டை, ஒச்சாயிக்கு வேப்பங்கொட்டை. ஒவ்வொன்றையும் கொப்பரையில் முக்கி எடுத்து, அந்தந்த வீட்டிலுள்ள ஓர் உயிரின் பெயரை வைக்கச் சொன்னாள். மருதி தன் பெயரையும் புருஷன், இரண்டு மகன்கள், மாமியார், பால் ஆடு ஆகியோர் பெயரையும் சொன்னாள். மாமியார் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தெளிவாகவே வந்தது. ஒச்சாயி தன்னையும் புருஷனையும் மாமனாரையும் மயிலாவையும் இரண்டு காளைகளையும் சொன்னாள்.

புகையில் பூவாயிக்குக் கண் மங்கிப்போயிருந்தது. அதனால் விழுந்த எண்ணைச் சொல்லவும் ஆட்டத்தில் ஞாயம் பார்க்கவும் ஒரு கிழட்டுத் தேரையை வைத்திருந்தாள். தேரை தொண்டையைச் செருமிக்கொண்டு முறையைச் சொன்னது.

“வெட்டுப்பட்ட காய் கொப்பரைக்குள்ள போகும். அது மிதந்துகிட்டே கரையும். கரைஞ்சு முடிஞ்சா அந்த உயிரும் முடிஞ்சது. கட்டத்துக்கு முன்னால சொன்ன முறையை யாரும் மாத்தக்கூடாது, சொன்ன ஆத்தாளும் மாத்தக்கூடாது.”

இரண்டு பெண்களும் தலையை ஆட்டினார்கள். கோபத்தில் எதற்குத்தான் தலையாட்ட மாட்டோம்?

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே ஒச்சாயி ஒரு புளியங்கொட்டையை வெட்டினாள். “ஆடு” என்றது தேரை. பூவாயி காயைக் கொப்பரையில் போட்டாள். அது கரைந்ததும், கீழே மருதி வீட்டுக் கொட்டகையில் கேட்டுக்கொண்டிருந்த மணிச்சத்தம் நின்றது.

மருதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில்தான் பால் கறந்துவிட்டு, ‘சீக்கிரம் வந்துரு’ என்று ஆடு சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டையை உருட்டினாள். “மூணு” என்றது தேரை. மூன்றாவது கட்டத்தில் ஒரு வேப்பங்கொட்டை நின்றது. நகர்த்துவதற்கு வேறு காய்களும் இருந்தன. அவள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அது வெறும் வேப்பங்கொட்டை. வெட்டினாள்.

“மயிலா” என்றது தேரை.

பூவாயி அதை எடுத்துக் கொப்பரையில் போட்டாள். பாறையிலிருந்து பார்த்தால் இரண்டு வீடும் முருங்கை மரமும் தெரியும். மரத்தடியில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே சாய்ந்தது. ஒச்சாயி அழவில்லை. வாயைத் திறந்தபடி மருதியையே பார்த்தாள்.

முந்தின நாள் மத்தியானம் மருதியின் தட்டில் கைவிட்டுச் சாப்பிட்ட பிள்ளை அது. மருதி யோசிக்கவே இல்லை. கொதிக்கிற கொப்பரைக்குள் முழங்கை வரை கையைவிட்டாள். பாதி கரைந்திருந்த காயை எடுத்து, ஒச்சாயியின் காய்கள் புறப்படும் கட்டமான மனையில் வைத்தாள். கை தோலுரிந்து தொங்கியது.

பூவாயி எழுந்துவிட்டாள். “ஆட்டத்துல அப்படி ஒரு வழி கிடையாதுடி.”

“கிடையாதுன்னு நீ சொல்லலையே ஆத்தா” என்றது தேரை. “நானும் சொல்லலை. சொல்லாததை நடுவுல தடுக்க முடியாது.”

பூவாயி தேரையை முறைத்தாள். இத்தனை காலம் சோறு போட்டது இதற்கா என்றிருந்தது அவளுக்கு. பிறகு நிதானமாகச் சொன்னாள்: “சரி. திரும்பி வந்த காய் சும்மா எழுந்திரிக்காது. தாயம் விழணும், ரெண்டு கட்டையும் சேர்ந்து ஒண்ணே ஒண்ணு. காய்க்காரிதான் போடணும். விழலைன்னா அப்படியே கிடக்கட்டும்.”

“இது முறையாச்சு” என்றது தேரை. “இனி மாத்த முடியாது.”

ஒச்சாயி கட்டையைக் கையில் எடுத்தாள், உருட்ட வரவில்லை.

“போடு ஒச்சாயி” என்றாள் மருதி. “என் ஆட்டத்தையும் நீயே போடு. எனக்கு வேண்டாம்.”

ஒச்சாயி போட்டாள். மூன்று, இரண்டு, ஐந்து, மறுபடி மூன்று. மருதியின் முறை வரும்போதெல்லாம் அவள் வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டையை ஒச்சாயி பக்கம் தள்ளினாள். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. இருவருக்கும் தொண்டை வறண்டது. தேரை ஒரே குரலில் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிள்ளை மரத்தடியில் கிடந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து யாரோ அதன்மேல் துண்டைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்து மருதி உடைந்து அழுதாள்.

ஒச்சாயி மறுபடியும் உருட்டினாள். தேரை குனிந்து பார்த்தது. இன்னொரு முறை பார்த்தது.

“தாயம்.”

கீழே மயிலா துண்டை விலக்கி எழுந்தாள். விட்ட இடத்திலிருந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“மதினி” என்றாள் ஒச்சாயி. தன் முந்தானையைக் கிழித்து மருதியின் கையைச் சுற்றினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கரட்டிலிருந்து இறங்கினார்கள். செத்த ஆடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் ஒச்சாயி அனுப்பிய ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரு சினையாடும் மருதி வாசலில் இருந்தன. ஆடுதான் பேசியது: “இனிமே நான் இங்கதானாம்.”

அதன்பிறகும் ஊரார் சண்டை போட்டுக்கொண்டு கரடு ஏறத்தான் செய்தார்கள். ஆனால் முறை முறைதான்; காய் எப்போது கொப்பரைக்குள் போகவேண்டும் என்று அதில் சொல்லவில்லையே என்று தேரை விட்டுவிட்டது. வெட்டினவர்கள் காயை மனைக்கே திருப்பி வைத்துவிட்டு, தாயம் விழும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கொப்பரைக்குள் ஒரு காயும் விழவில்லை. அது கொதித்துக் கொதித்து வற்றி, ஒரு நாள் அடி விண்டது. பூவாயி மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கோ போனாள். பாறையில் கட்டம் மட்டும் மிஞ்சியது. கை ஆறியபின் மருதியும் ஒச்சாயியும் மத்தியான வேளைகளில் அங்கே போய் ஆடினார்கள். மருதியின் வலது கையில் விரல்கள் சேர்ந்துபோயிருந்ததால் அவளுக்கும் சேர்த்து மயிலாதான் கட்டை உருட்டினாள்.

அன்று முதல்தான் தாய ஆட்டத்தில் வெட்டுப்பட்ட காய் சாவதில்லை. வெட்டியவர் கையாலேயே மனைக்குத் திரும்பி, ஒரு தாயத்துக்காகக் காத்திருந்துவிட்டு, மறுபடியும் எழுந்து வருகிறது.