அக்கரை நாரைக்கு நூறு பாட்டு

ஒரு காட்டின் நடுவில் பெரிய ஏரி ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதன் இக்கரையில் மதனசேகரன் என்ற வெள்ளைக் கொக்கு வாழ்ந்தது. அக்கரையில் நிற்கும் செங்கால் நாரை ஒன்றை அது உயிருக்கு உயிராகக் காதலித்தது. பெயரைக் கேட்பதுகூட மரியாதைக் குறைவு என்று நினைத்து, 'நிலவரசி' என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது.

காதல் கொண்டவர்கள் சோறு தண்ணீர் மறந்து, உடல் வெளுத்து இளைக்க வேண்டும் என்பது பழைய வழக்கமல்லவா? கொக்கும் மீனைத் தொடவில்லை. ஆனால் அது பிறவியிலேயே வெள்ளை, கால்களோ குச்சி. ஆகவே அது வாடுவது ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அதில் அதற்குப் பெரிய வருத்தம்.

தூது போக ஒரு தவளை கிடைத்தது. கொக்கு பட்டினி கிடக்கும்வரை தன் உயிருக்கு ஆபத்தில்லை என்பதால், தவளை சந்தோஷமாகவே நீந்திப் போய் வந்தது.

ஒரு நாள் காலை தவளை மூச்சிரைக்க ஓடிவந்தது.

"ஐயா! வேடன் வைத்த கண்ணியில் அவள் கால் மாட்டிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் அவன் வந்துவிடுவானாம். உங்களை உடனே வரச் சொல்கிறாள்!"

கொக்குக்கு நெஞ்சு பதறியது. பொய்யில்லை, நிஜமாகவே பதறியது. "ஐயோ, அந்தப் பவளக் காலா! அவளுக்காக என் உயிரையே தருவேன் என்று சொல்!"

தவளை போய்த் திரும்பியது. "உயிர் வேண்டாமாம். அலகு போதுமாம். நாலு கொத்து கொத்தினால் கயிறு அறுந்துவிடுமாம்."

"நானா? அவள் பக்கத்திலா?" கொக்கு நடுங்கிவிட்டது. "கிட்டே போனால் காதலின் மதிப்பு என்ன ஆவது? அவள் காலைப் பற்றி நூறு பாட்டு கட்டுகிறேன். தொண்ணூறு முடிந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்."

தவளை தலையில் அடித்துக்கொண்டு மறுபடி நீந்தியது. அக்கரையில் ஒரு பெருச்சாளியின் வளைக்குள் எட்டிப் பார்த்துக் கத்தியது. பெருச்சாளிக்குக் காதலும் தெரியாது, பாட்டும் தெரியாது. கடிக்கத் தெரியும். நாரையின் முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல் கயிற்றைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு, விட்ட தூக்கத்தைத் தொடரப் போய்விட்டது.

புதருக்கு மேல் வேடனின் தலை தெரிந்தது. நாரை எழும்பிப் பறந்து, நேரே இக்கரைக்கு வந்து கொக்கின் எதிரிலேயே இறங்கியது. காலெல்லாம் சேறு, இறகெல்லாம் அலங்கோலம்.

கண்ணை மூடித் தொண்ணூற்றொன்பதாவது பாட்டில் உருகிக்கொண்டிருந்த கொக்கு மெல்லக் கண் திறந்தது.

"யாரம்மா நீ? கொஞ்சம் தள்ளி நில். என் நிலவரசியை மறைக்கிறாய்."

நாரை அதை மேலும் கீழும் பார்த்தது. கொக்கின் காலடியில் நீந்திய கொழுத்த மீனைக் கொத்தி விழுங்கிவிட்டு, வேறு ஏரி பார்த்துப் பறந்தது.

அது வானத்தில் ஒரு புள்ளியாகத் தேய்ந்ததும் கொக்கு துள்ளிக் குதித்தது.

"அதோ! அதோ என் நிலவரசி!"

நீதி: கூப்பிட்ட குரலுக்கு ஓர் அடி எடுத்து வைக்காத அன்பு, நூறு பாட்டுப் பாடினாலும் அன்பாகாது.