அடித்துப் பார்த்துப் போட்ட ஒப்பந்தம்

மூளைக்காரன்துறை என்று ஒரு கடற்கரை ஊர். பேரை எவன் வைத்தானோ, அவனுக்கு நக்கல் ஜாஸ்தி. அந்த ஊருக்கும் பக்கத்துச் சொக்கன்துறைக்கும் நடுக்கடலில் எப்போது பார்த்தாலும் அடிதடி. அலுத்துப்போன கடல் காவல் அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆயுதமோ, ஆயுதமாக மாறக்கூடிய பொருளோ எந்தப் படகிலும் இருக்கக் கூடாது. ரெண்டு ஊரும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை ஒருத்தனும் வலை இறக்கக் கூடாது."

கூட்டம் கூட்டமாக மத்தி வந்துகொண்டிருந்த நேரம். மூளைக்காரன்துறைத் தலைவர் தொம்மை ஒப்பந்தத் தாளும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டார். மனைவி ரெபேக்காள் வேறு, கணவாய்க் குழம்புச் சட்டியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு மத்தி இல்லாம வந்தீரு, வாசப்படி மிதிக்கப்படாது."

கையெழுத்துப் போட நடுக்கடலில் ரெண்டு படகும் உரசி நின்றன. இந்தப் படகில் தொம்மையும் மச்சினன் இஞ்ஞாசியும். அந்தப் படகில் சொக்கன்துறைத் தலைவர் சந்தியாகு.

"அரிவாளை எல்லாம் கடல்ல போட்டாச்சு. துடுப்பு ஆயுதமா?" என்று கேட்டார் சந்தியாகு.

"அடிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்?" என்றார் தொம்மை.

நியாயம்தானே! இஞ்ஞாசி தலையை நீட்டினான். மடேரென்று ஒரு போடு.

"வலிக்குதா மாப்ளே?"

"உயிர் போகுது அத்தான்!"

ரெண்டு படகுத் துடுப்புகளும் கடலுக்குப் போயின. அடுத்து நங்கூரம், இஞ்ஞாசி தலையில் மெதுவாகத்தான் வைத்தார்கள். ஆள் மல்லாந்து விழுந்தான். நங்கூரமும் போனது. வலையை மேலே போட்டுப் பார்த்தார்கள், வலிக்கவில்லை. வலை தப்பியது.

"குழம்புச் சட்டி எப்படிய்யா ஆயுதமாகும்?" என்றார் சந்தியாகு.

"ரெபேக்காள் கையில அதை நீர் பார்த்ததில்ல," என்று தொம்மை நெற்றித் தழும்பைக் காட்டினார். மூவரும் குழம்பை வழித்துத் தின்றுவிட்டுச் சட்டியை வீசினார்கள்.

அடுத்து பேனா. இஞ்ஞாசியின் தொடையில் ஒரு குத்து. "ஐயோ!" பேனாவும் போனது.

அப்புறம்தான் தொம்மைக்கு உறைத்தது. "அடப்பாவிகளா, இனி எதால கையெழுத்துப் போடுறது?" மத்தியை நினைத்தார், வாசப்படியை நினைத்தார், அழுகையே வந்துவிட்டது.

"அழாதீக அத்தான். உங்க பெருவிரல்ல குழம்பு இருக்கே!" என்றான் இஞ்ஞாசி.

தலைவர்கள் ரெண்டு பேரும் கணவாய்க் குழம்பில் கைநாட்டு வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உடனே வலை இறங்கியது. படகு கொள்ளாத மத்தி! தொம்மைக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆ! மீன் முள்ளு குத்திட்டு!" என்று விரலை உதறினான் இஞ்ஞாசி.

எல்லார் முகமும் தொங்கிப்போனது.

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்," என்றார் சந்தியாகு.

"எல்லா மீனுமா குத்தும்? ஒவ்வொண்ணாப் பார்த்துருவோம்," என்றார் தொம்மை. இஞ்ஞாசி பாவம், விரலை நீட்டினான். பொழுது சாயும்போது படகில் ஒரு மீன்கூட இல்லை.

கையாலேயே தண்ணீரைத் தள்ளிக் கரை சேர்ந்தார்கள். வாசலில் ரெபேக்காள் நின்றிருந்தாள்.

"மத்தி எங்க? என் சட்டி எங்க?"

"ரெண்டும் ஆயுதம்டி."

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். தொம்மைக்கு முகமெல்லாம் பூரிப்பு. நல்லாக் குனிந்து தலையைக் காட்டினார்.

"ஆமாடி, அதையும் பார்த்துரணும். என் தலையிலயே போடு. மாப்ளே தலையில இனி இடமில்ல."